கறுப்புக்குள் வெளுப்பு

டிவி வாங்குகிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைத்தான் கேட்பார்கள். எழில் முதலில் பார்ப்பது கறுப்பை. விருதுநகரில் அவள் வேலை பார்க்கும் கடையில் இதை வைத்தே அவளைக் கேலி செய்வார்கள். "அந்தப் பிள்ளைக்கு டிவிய ஆன் பண்ணவே வேண்டாம்யா. சும்மா தொடச்சு வச்சாப் போதும், நாள் முழுக்கப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்பார் டெலிவரி வண்டி ஓட்டுகிற மாரிக்கண்ணன். சிரிக்கட்டும். வெளிச்சத்தை எந்த டிவியும் காட்டிவிடும், இருட்டான இடத்தில் என்ன இருக்கிறதென்று காட்டுவதுதான் டிவி என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர்.

அன்று காலை அவள் வந்திருந்தது நாரணாபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசுக்கு. முந்தின நாள் மாரிக்கண்ணனும் ஆட்களும் மாடி ஹாலில் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது சொன்னபடி வெளிச்சம் தருகிறதா, ஹெச்.டி.ஆர். படம் சரியாக வருகிறதா என்று அளந்து காட்டுவது எழிலின் வேலை. அடுத்த வாரம் வடநாட்டு டீலர்கள் வருகிறார்கள். புதுச் சரக்கை வெடித்துக் காட்டாமல் இந்த வருஷம் படமாகவே காட்டி ஆர்டர் பிடிப்பது என்று முதலாளியின் மகள் கீர்த்திகா முடிவு செய்திருந்தாள். கூடவே ஃபேக்டரியில் ஒரு புதுக் கேமராவும் வைத்திருந்தாள். டீலர்கள் ஏசியில் உட்கார்ந்து பாதாம்பால் குடித்தபடி ஃபேக்டரி நடப்பதை நேரடியாகப் பார்க்கலாம்.

கீர்த்திகாவைக் குறை சொல்ல முடியாது. எழிலின் வயதுதான் இருக்கும். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவள். எழில் வந்து உட்காருவதற்குள் காப்பி வரவழைத்தாள். அதனாலேயே எழில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டாள். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் அதே ரூமில்தான் அவளுடைய அம்மா சின்னத்தாய் வேலை பார்க்கிறாள். சொல்லியிருந்தால் காப்பி வேறு டம்ளரில் வந்திருக்குமோ என்னவோ. வந்திருக்காது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் சொல்லவில்லை, சொல்லாததற்கு வெட்கமாகவும் இருந்தது.

காலையில் அம்மாவோடு சண்டை வேறு. முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று கோடை மழை கொட்டியதில், ஃபேக்டரியில் கலந்து வைத்த வெடிமருந்தை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பி வந்திருந்தார்கள்.

"மிச்ச மருந்த மொதல்ல முடிச்சிட்டு அப்புறம் புதுசக் கலங்கன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு" என்று தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள் சின்னத்தாய்.

"ஈரம் பட்டுக் கெடந்த மருந்து தன்னால சூடேறும்னு நீதானம்மா சொல்லுவ?"

"சொல்லுவேன். அதுக்காக வீட்ல உக்காந்து டிவி பாக்கவா?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் போகாத."

"ஒரு நாளு ஒரு நாளுன்னு சொல்லித்தான் ஒங்கப்பன் வருசம் பூரா கட்டில்ல கெடந்தாரு."

செத்துப்போன மனிதரை இழுத்துவிட்டால் பிறகு பேச்சு ஏது? அதே அப்பாவின் பழைய கட்டம்போட்ட சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளின் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு, சின்னத்தாய் வேன் ஏறிவிட்டாள். பஞ்சம்மாளுக்குக் காது மந்தம். வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டிலும் வேலையிலும் அவளுக்குச் சின்னத்தாய்தான் காது.

வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை அம்மாவோடு பேச வழி கிடையாது. ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் சுடலை ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பார். உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சுடலை எழிலின் தெருக்காரர், அவளுக்குச் சித்தப்பா முறை. வாளி விஷயத்தில் மட்டும் சொந்தம் பந்தம் பார்க்க மாட்டார். உள்ளே எதற்காவது எட்டிப் பார்க்கப் போனால்கூடத் தன் போனையும் வாளியில் போட்டுவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு காது உண்டு. தூரத்தில் எங்காவது வெடித்தால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்துவார்கள். அடுத்தடுத்து வெடித்தால் கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் கட்சிக்காரர் யாராவது வருகிறார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்றால் கை தானாகப் போனுக்குப் போகும். எழிலுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் காது இருந்தது. விருதுநகர்க் கடையில் ஷட்டர் இறக்குகிற சத்தத்துக்குக்கூட அவள் இரண்டாவது சத்தத்தை எதிர்பார்ப்பாள்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கிக்கொண்டு எழில் வேலையை ஆரம்பித்தாள். வெளிச்சம் அளக்கிற மீட்டர் உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கருவி. அதை டிவியின் நடுவில் படும்படி மேலிருந்து தொங்கவிட்டாள். முதலில் கறுப்புத் திரையின் நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம். எண் ஆயிரத்தைத் தாண்டியது.

"ஆயிரம் நிட்ஸ் மேடம். சொன்னபடி இருக்கு."

கீர்த்திகா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையாட்டினாள். அடுத்து எழில் முழுத் திரையையும் வெள்ளையாக்கினாள். ஹாலே பகலாகிவிட்டது. ஆனால் மீட்டரில் எண் சரசரவென்று பாதிக்கு இறங்கியது.

"ஏன் குறையுது? பீஸ் சரியில்லையா?"

"எல்லா டிவியும் இப்படித்தான் மேடம். கொஞ்ச எடத்துல மட்டும் வெளிச்சம் வேணும்னா முழு பலத்தையும் காட்டும். திரை பூரா வெள்ளையாச்சுன்னா, சூடாகிக் கெட்டுப்போயிரக் கூடாதுன்னு தன்னாலயே கொறச்சுக்கும்."

"பரவாயில்லையே. தன்னைக் காப்பாத்திக்கத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்று சிரித்தாள் கீர்த்திகா.

பிறகு கம்பெனியின் படத்தைப் போட்டார்கள். கறுத்த வானத்தில் புதுச் சரக்கெல்லாம் சிவப்பும் பச்சையுமாக விரிந்தது. கீர்த்திகா வாயைத் திறந்து பார்த்தாள். எழில் மேலே பார்க்கவில்லை. கீழே, இருட்டில், திரியைப் பற்றவைத்துவிட்டு ஒரு ஆள் குனிந்து ஓடுவது தெரிகிறதா என்று பார்த்தாள். சட்டை மடிப்பு வரை தெரிந்தது. டிவி நல்ல டிவிதான்.

கடைசியாகக் கேமரா. கீர்த்திகா ரிமோட்டை அழுத்தியதும் ஃபேக்டரி திரையில் வந்து நின்றது. ஓட்டுக் கூரை போட்ட ஒரு ரூம், திறந்த கதவு, கதவுக்குப் பக்கத்தில் வெயிலில் மின்னுகிற ஒரு தண்ணீர் டிரம், இடது ஓரத்தில் வேப்பமரம். கதவுக்கு மேலே ஒரு பலகை. இந்த ரூமில் நான்கு பேர் மட்டும்.

"இது லைவ்தானா மேடம்?"

"லைவ்தான். வேணும்னா பாருங்க." கீர்த்திகா கேட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "சுடலை, கேமரா முன்னால வந்து துண்டை ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க."

"போனக் கேட்டுலயே வச்சிட்டுப் போயி காட்டிட்டு வாரேன் தாயி." சிறிது நேரம் காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தத்தோடு திரும்பி வந்தார். "காட்டிட்டேன்."

"எங்க, இன்னும் தெரியலையே?"

"தூக்கி, ஆட்டி, எறக்கிட்டு வந்துட்டேன் தாயி. இன்னொருக்க போகணுமா?"

அவர் கேட்டு முடித்த பிறகுதான் திரையில் சுடலை மெதுவாக வந்து, கேமராவைப் பார்த்துத் துண்டைத் தூக்கினார். கீர்த்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். படம் எங்கெங்கோ போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது, அதனால் இந்தத் தாமதம் என்று எழில் விளக்கினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஃபேக்டரி இந்த மாடியிலிருந்து நேராகப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. நடந்து வந்தால்கூடச் சுடலை படத்துக்கு முன்னால் வந்துவிடுவார் போல.

இனிமேல்தான் அவளுடைய சொந்த வேலை. வெயிலில் டிரம் கண்ணைக் கூச வைக்கிறது. பக்கத்திலேயே கதவுக்குள் இருட்டு. இரண்டும் ஒரே படத்தில் ஒழுங்காகத் தெரிய வேண்டும், ஹெச்.டி.ஆர். என்று பெரிய பெயர் வைத்திருப்பது அதற்குத்தான். எழில் நிழல் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். கதவுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தரையில் தட்டுகள், காகிதக் குழாய்கள், குனிந்த முதுகுகள். பலகையில் நான்கு பேர். உள்ளே ஆறேழு தலைகள். கதவுக்கு நேர் எதிரே, கட்டம்போட்ட சட்டை.

எழில் ரிமோட்டைக் கீழே வைத்தாள். அம்மா வேலை செய்வதை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், விரல்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் பாத்திரங்களை அவ்வளவு சத்தத்தோடு உருட்டுகிறவள், அங்கே பிறந்த குழந்தையைத் தொடுவது போலத் தொட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் பயத்தோடுதான் அவள் இந்த வேலையைச் செய்கிறாள் என்பது இத்தனை வருஷம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று எழிலுக்கு இருந்தது.

"அது என்ன, டிரம்முக்குப் பக்கத்துல வெள்ளையா படிஞ்ச மாதிரி?" என்றாள் கீர்த்திகா.

எழிலும் பார்த்தாள். கதவுக்குள்ளே, டிரம்மின் பளபளப்பை ஒட்டினாற்போல், இருட்டின் மேல் மெலிதாக ஒரு வெளுப்பு. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். மாதத்துக்குப் பத்து டிவியிலாவது பார்க்கிறாள்.

"டிவிக்குப் பின்னால சின்னச் சின்னதா நெறைய விளக்கு இருக்கு மேடம். வெயில் பக்கம் எரியணும், நெழல் பக்கம் அணையணும். சில நேரம் வெயில் வெளிச்சம் பக்கத்துக் கறுப்புலயும் கசியும். பாக்கப் புகை மாதிரி இருக்கும். சரி பண்ணிரலாம்."

அவள் உட்கார்ந்து சரி செய்தாள். ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தாள். வெளுப்பு லேசில் போகிறதாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடின மாதிரிகூட இருந்தது. புது டிவி முதல் நாளே மானத்தை வாங்குகிறதே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் நிழல் பக்கத்து விளக்குகளை அணைக்கிற லோக்கல் டிம்மிங்கை முழுதாக ஏற்றிவிட்டாள். கதவுக்குள் மை ஊற்றினாற்போல் கறுத்தது. வெளுப்பு போயே போய்விட்டது. தட்டுகளும் தலைகளும் கட்டம்போட்ட சட்டையும் அதோடு போய்விட்டன.

"சூப்பர். இப்படியே இருக்கட்டும் எழில்" என்றாள் கீர்த்திகா. பிறகு, பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "உள்ளே அவ்வளவு தெளிவா தெரிய வேண்டாம். டீலர்ஸ்க்கு அது எதுக்கு?" என்றாள்.

எழில் தலையாட்டினாள். மீட்டரைக் கழற்றப் போனவள் நின்றுவிட்டாள். அந்தக் கறுப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை. அம்மா இருந்த இடத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாற்போல் இருந்தது. போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"இன்னொரு அளவு எடுக்கணும் மேடம்" என்று பொய் சொல்லிவிட்டு, அமைப்பைப் பழையபடி வைத்தாள். அம்மா திரும்ப வந்தாள். வெளுப்பும் திரும்ப வந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபேக்டரிக்கு மேலே ஒரு மேகம் போயிற்று. வெயில் அணைந்தது. டிரம் சாதாரணத் தகர டிரம் ஆகி, அதன் பளபளப்பு முழுதாக வடிந்தது. வெளிச்சமே இல்லையென்றால் கசிவதற்கு என்ன இருக்கிறது? வெளுப்பு அந்த நொடியே மறைந்திருக்க வேண்டும்.

மறையவில்லை. மறையாததோடு அது அசைந்தது. தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, கதவு நிலையைத் தொட்டு, கலைந்து, மறுபடி தரையிலிருந்து எழும்பியது. டிவியின் கோளாறு எதுவும் அப்படி அசையாது. அது அம்மாவுக்குப் பின்னால் இருந்த தட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயிலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே இருட்டு, உள்ளே குனிந்திருப்பவர்களுக்குத் தங்கள் கை மட்டும்தான் தெரியும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏசி ஹாலில் நிற்கிற ஒருத்திக்கு மட்டும் அது தெரிந்தது. அந்த ஒருத்தி இவ்வளவு நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அது புகை."

"நீங்கதானே டிவி ஃபால்ட்டுன்னு—"

"மேகம் மறைச்சும் வெளுப்பு போகல மேடம். நேத்து மழையில மிச்சம் கெடந்த மருந்து. சூடேறுது. எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க."

கீர்த்திகா போனைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு அழுத்தாமல் நின்றாள். "அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். தப்பா வெளியே போச்சுன்னா ஆபீசருங்க வந்துடுவாங்க. உள்ளே ஆளுங்க வேற கூட..."

"எங்கம்மா உள்ள இருக்கா!" என்று கத்தினாள் எழில். "அந்தக் கட்டம்போட்ட சட்டை எங்கம்மா!"

கீர்த்திகாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தன் போனில் அம்மாவின் எண்ணை அழுத்தியிருந்தாள். வாளிக்குள் அது அடிக்கும், சுடலை எடுப்பார் என்பதுகூட அப்போது யோசனையில் இல்லை. பயந்தால் கை போகிற எண் அது ஒன்றுதான். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"யாரு? சின்னத்தாயி உள்ள வேலையா இருக்கா" என்றார் சுடலை.

"சித்தப்பா, எழிலு. அம்மா ரூமுல மருந்து புகையுது. கேமராவுல தெரியுது."

"ஆத்தாடி!" அவர் மூச்சு மாறுவது கேட்டது. "இந்தா சத்தங்குடுக்கேன்."

"சத்தங்குடுக்காதீக!" அந்த வேகத்திலும் அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டாசுக்காரியின் மகள். புகை என்று ஒரு குரல் கேட்டால் போதும், எல்லோரும் ஒரே கதவுக்குப் பாய்வார்கள். தட்டு காலில் தட்டும், தரையில் இழுபடும், அந்த உரசலிலேயே மருந்து பற்றிக்கொள்ளும். ஓடியதாலேயே செத்தவர்களை அவள் தன் தெருவிலேயே பார்த்திருக்கிறாள். "டீ பெல்ல அடிங்க. டீக்கு வார மாதிரி நடந்து வரட்டும்."

"டீக்கு இன்னும் நேரங் கெடக்கே."

"அடிங்க சித்தப்பா!"

போனுக்குள் மணி அடித்தது. தண்டவாளத் துண்டில் இரும்பு படுகிற சத்தம், விட்டு விட்டு, நிதானமாக. அவர் எப்போதும் அடிக்கிற மாதிரியே அடித்தார். எழிலும் கீர்த்திகாவும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் யாருக்கும் மணி கேட்கவில்லை. எல்லோரும் குனிந்தே இருந்தார்கள். வெளுப்பு தடித்துக்கொண்டு வந்தது. தாமதம், இது தாமதம் என்று எழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீர்த்திகா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

பிறகு ஒரு தலை நிமிர்ந்தது. ஒருத்தி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் இன்னொருத்தி. ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டீ அதற்குள்ளாகவா என்று கேட்கிறவள் போலக் கையை விரித்தாள். ஒவ்வொருவராக வேப்பமரத்துப் பக்கம் நடந்து படத்தை விட்டுப் போனார்கள். கட்டம்போட்ட சட்டை மட்டும் எழவில்லை. அதற்குப் பின்னால் ரூமின் மூலை எந்த டிவிக்கும் எட்டாத கறுப்பாக இருந்தது.

"சித்தப்பா, எங்கம்மா வரல."

"பெல்லடிச்சாச்சில்லத்தா. வருவா."

"வர மாட்டா. கையில எடுத்தத முடிக்காம எந்திரிக்க மாட்டா. நீங்க போயி இழுத்துட்டு வாங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன் சித்தப்பா, போங்க."

"சரித்தா. போன வைக்கேன். உள்ள கொண்டுபோகக் கூடாது" என்றார். போன் வாளியில் விழுகிற சத்தத்தோடு பேச்சு அறுந்தது.

இனித் திரை மட்டும்தான். எழில் அதற்கு அரையடி தூரத்தில் நின்றாள். அவ்வளவு பக்கத்தில் அம்மா வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தாள். பின்வாங்கிப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் சுடலை வந்தார். ஓடாமல், வேகமாக நடந்து வந்தார். கதவில் நின்று உள்ளே பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அம்மா தலையைத் தூக்காமலே இடது கையைக் காட்டினாள். எழிலுக்கு அந்தக் கை தெரியும். இரு, வாரேன் என்று அர்த்தம். சாப்பிடக் கூப்பிட்டால் காட்டுகிற அதே கை.

அப்போது ஜன்னல் கண்ணாடி உதறியது.

டம் என்று ஒரே ஒரு சத்தம். மேஜையில் காப்பி டம்ளர் தட்டில் ஆடி நின்றது. எழிலின் காது இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருந்தது. வரவில்லை. கீழே ஆபீசில் நாற்காலிகள் இழுபட்டன, யாரோ மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கீர்த்திகா அலறியபடி ஜன்னல் திரையை விலக்கினாள்.

எழில் ஜன்னலைப் பார்க்கவில்லை. திரையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ரூம் நின்றது. டிரம் நின்றது. அம்மா உட்கார்ந்திருந்தாள். நடந்து முடிந்ததை டிவி இனிமேல்தான் காட்டப் போகிறது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டால் இது நடக்காமலே போய்விடும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு வந்தது. மூட முடியவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். முடிந்துபோன ஒன்றிடம் கெஞ்சுகிறோம் என்று தெரிந்தே கெஞ்சினாள்.

சுடலை உள்ளே ஒரு எட்டு வைத்து அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேற்றுப் பெண்களைத் தொடுகிற ஆளில்லை அவர். அம்மா அதிர்ந்து எழுந்தாள். எழுந்தபோதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வேப்பமரம் வரை வந்ததும் அம்மா சடக்கென்று நின்று, ரூமைக் காட்டி ஏதோ சொன்னாள். சுடலை திரும்பி நடந்தார். இந்தத் தடவை ஓடினார். கதவுக்குள் அவருடைய வெள்ளைச் சட்டை மங்கிக் கறுப்புக்குள் போயிற்று. அம்மா மரத்தடியில், பாதி படத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றாள். எழிலுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்ற அந்த ஒரு சந்தோஷத்தைத் தவிர அப்போது அவளுக்குள் வேறு எதுவுமே இல்லை.

திரை வெள்ளையாயிற்று. ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரு புள்ளி கறுப்பில்லாத வெள்ளை. ஒரு கணம் முழு பலத்தோடு எரிந்தது. பிறகு, சூடாகிக் கெட்டுப்போகாமல் இருக்கத் தன் வெளிச்சத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. மீட்டர் அதன் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீர்த்திகா ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். வழி சொல்லும்போது குரல் உடைந்து உடைந்து போயிற்று. விலக்கிய ஜன்னலில், வேப்பமரங்களுக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு தூண் நின்றது. எழில் அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அடித்தது. அடிக்கிறது என்றால் வாளி இருக்கிறது, கேட் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மரம் எவ்வளவு தூரம்? ரூமிலிருந்து மரம் பத்தடியா, இருபதடியா? படத்தில் தூரம் தெரியாது. மறுபடி அழுத்தினாள். முதல் தடவை வெளுப்பைப் பார்த்தபோதே புகை என்று நினைத்திருந்தால் எல்லோருக்கும் நேரம் இருந்திருக்கும். மறுபடி அழுத்தினாள். எடு சித்தப்பா, எடு, எடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வாங்கியது. பின்னால் பெண்கள் கூட்டமாக அழுகிற சத்தம்.

"சித்தப்பா?"

"எழிலு" என்றாள் சின்னத்தாய்.

எழில் டிவிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஒனக்கு ஒண்ணுமில்லையேம்மா? அடிபட்டிருக்கா? காது கேக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கீழ விழுந்தேன், அம்புட்டுத்தான்."

"சித்தப்பாட்டக் குடும்மா. அவருதான்... அவருட்டக் குடு."

"பஞ்சம்மாளுக்குப் பெல்லு கேட்டிருக்காது, மூலையில இருக்கான்னு நான்தான் ஒஞ் சித்தப்பாட்டச் சொன்னேன். நீ நில்லுத்தா, நான் கூட்டியாரேன்னு உள்ள போனாரு." அவள் குரல் மிகவும் மெதுவாக வந்தது, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "கேட்டுல யாருமே இல்ல எழிலு. போனு வாளியில அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு. எடுக்க ஆளில்லன்னுதான் நான் வந்து எடுத்தேன்."